காட்மியம் கலைத்த கணக்கு

அணுக்கருவின் கதை – பகுதி 23

சென்ற பகுதியை நியூயார்க்கில் நிறுத்தியிருந்தோம். 1949-50 கல்வியாண்டில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரெயின்வாட்டரும் ஆகே போரும் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். அணுக்கரு உருண்டையாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்ற முடிவுக்கு இருவரும் ஆளுக்கொரு வழியாக வந்து சேர்ந்தார்கள். ஆகே கோபன்ஹேகன் திரும்பியதும் பென் மோட்டல்சன் அவரோடு சேர்ந்துகொண்டார். 1975இல் மூவருக்கும் நோபல் பரிசு. பரிசளிப்பு விழாவை விட்டுவிடலாம். அவர்கள் சொன்னவற்றில் இந்த வாரம் நமக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: உருண்டையான அணுக்கரு அதிரும்.

யோசனையின் வேர் பழையது. விழும் நீர்த்துளி பரப்பு இழுவிசையால் எப்படிச் சுருங்கி விரிந்து அதிர்கிறது என்பதற்கு 1879இலேயே ராலே பிரபு கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஆகேயின் தந்தை நீல்ஸ் போர், ஃபிரிட்ஸ் கல்கார் என்ற இளைஞரோடு சேர்ந்து 1937இல் அந்தக் கணக்கை அணுக்கருவுக்குக் கொண்டுவந்தார். கல்கார் அடுத்த ஜனவரியிலேயே, முப்பது வயதை எட்டாமல், இறந்துபோனார். மகனும் மோட்டல்சனும் செய்தது, இந்தத் துளிக்குக் குவாண்டம் விதிகளை ஒழுங்காகப் பூட்டியது.

பூட்டியதும் ஓர் அழகான படம் கிடைத்தது. குவாண்டம் துளி இஷ்டப்பட்ட அளவுக்கு அதிர முடியாது. தவணை தவணையாகத்தான் அதிர்வை ஏற்கும். ஒரு தவணைக்கு ஃபோனான் என்று பெயர். துளி ஒரு திசையில் நீண்டு, பிறகு சப்பையாகி, மறுபடி நீளும் எளிய அதிர்வில் ஒரு ஃபோனான் 2 அலகு சுழற்சியைச் சுமக்கும். எனவே அணுக்கருவின் முதல் கிளர்வு நிலையின் சுழற்சி எண் 2. இரண்டு ஃபோனான் சேர்ந்தால் ஆற்றல் இரு மடங்கு. அங்கே 0, 2, 4 என்ற சுழற்சிகளோடு மூன்று நிலைகள் ஒட்டி ஒட்டி நிற்க வேண்டும். மூன்று ஃபோனானுக்கு மும்மடங்கு ஆற்றலில் 0, 2, 3, 4, 6 என்று ஐந்து நிலைகள். சம இடைவெளிப் படிகள். ஒவ்வொரு படியிலும் யார் யார் நிற்க வேண்டும் என்ற பட்டியலும் தயார். சோதனைச்சாலைக்காரர்கள் போய்த் தேட வேண்டியதுதான் பாக்கி.

முதலில் தேடியவர்களில் முக்கியமானவர் கெர்ட்ரூட் ஷார்ஃப்-கோல்ட்ஹேபர். ஜெர்மனியில் பிறந்த யூதர்; மியூனிக்கில் முனைவர் பட்டம் பெற்று, ஹிட்லர் ஆட்சியால் நாட்டைவிட்டு வெளியேறியவர். கணவர் மாரிஸ் கோல்ட்ஹேபர் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். ஒரே குடும்பத்தில் இருவருக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று அங்கே விதி இருந்ததால், மனைவி சம்பளம் இல்லாமல் ஆராய்ச்சி செய்தார். யுரேனியம் தானாகப் பிளக்கும்போதும் நியூட்ரான்கள் வெளிவருகின்றன என்று 1942இல் கண்டுபிடித்தது அந்தச் சம்பளமற்ற ஆராய்ச்சியாளர்தான். போர்க்கால ரகசியம் என்பதால் போர் முடிந்த பிறகே அது அச்சேறியது. 1950இல்தான் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகம் அவருக்கு முறையான வேலை கொடுத்தது.

அங்கே ஜோசப் வெனெசரோடு சேர்ந்து, ப்ரோட்டான் எண்ணிக்கையும் நியூட்ரான் எண்ணிக்கையும் இரட்டைப்படையாக உள்ள அணுக்கருக்களின் தகவல்களை எல்லாம் திரட்டி 1955இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இரண்டாவது நிலையின் ஆற்றலை முதல் நிலையின் ஆற்றலால் வகுத்துப் பார்த்தார்கள். நீள உருண்டையாக இருந்து சுழலும் அணுக்கருவுக்கு 3.33 வர வேண்டும். கச்சிதமாக அதிரும் உருண்டைக்கு 2 வர வேண்டும். நடுத்தர எடை கொண்ட ஏராளமான அணுக்கருக்களில் ஏறக்குறைய 2.2 வந்தது. இரண்டுக்கு மிக அருகில்! அதிரும் அணுக்கருக்கள் என்று ஒரு சாதியே உண்டு என்ற நம்பிக்கை அன்று வேர்விட்டது.

அந்தச் சாதியின் முன்மாதிரியாகப் பாடப்புத்தகங்கள் தேர்ந்தெடுத்தது காட்மியத்தை.

காட்மியம் அணு உலைக்காரர்களுக்கு முன்பே பழக்கமானது. 1942 டிசம்பரில் சிகாகோவில் ஃபெர்மி முதல் அணு உலையை இயக்கியபோது, நியூட்ரான்களை விழுங்கி உலையை அடக்கி வைத்திருந்தவை காட்மியத் தகடு போர்த்திய கட்டுப்பாட்டுக் கோல்கள். விழுங்கும் வேலை முழுக்கக் காட்மியம்-113 என்ற ஒரே ஐசோடோப்புடையது. இயற்கைக் காட்மியத்தில் அதன் பங்கு எட்டில் ஒன்றுதான். அது ஒரு நியூட்ரானை விழுங்கினால் காட்மியம்-114 ஆகி, கிளர்ந்த நிலையிலிருந்து காமா கதிர்களைக் கொட்டியபடி இறங்கும். அந்தக் கதிர்களைப் பிடித்துத்தான் 114இன் படிகளை ஆரம்பத்தில் வரைந்தார்கள். முதல் படி 558 கிலோ எலெக்ட்ரான் வோல்ட், சுழற்சி 2. இரு மடங்கு என்றால் 1116. அதற்குச் சற்று மேலே 1134இல் சுழற்சி 0, 1210இல் சுழற்சி 2, 1284இல் சுழற்சி 4. கோபன்ஹேகன் பட்டியல் கேட்ட மூவரும் அப்படியே நிற்கிறார்கள். ப்ரோட்டான் எண்ணிக்கை 48. கூடு நிரம்பி அணுக்கரு உருண்டையாகும் மாய எண் 50க்கு இரண்டே குறைவு. ஆகவே அணுக்கரு உருண்டைக்கு அருகில் இருக்கும் என்று கோட்பாடும் தலையாட்டியது.

உறுத்தல்கள் இல்லாமல் இல்லை. அதே இடத்தில் 1306இல் இன்னொரு 0, 1364இல் இன்னொரு 2 என்று அழையாத இருவர் நின்றார்கள். 1965இல் டி போர், ஸ்டாக்ஸ்டாட், சைமன்ஸ், விந்தர் ஆகிய நால்வர் 114இன் முதல் கிளர்வு நிலையின் வடிவத்தை அளந்து காட்டியது அதைவிடப் பெரிய உறுத்தல். கச்சிதமாக அதிரும் துளி சராசரியில் உருண்டையாக இருக்க வேண்டும். இதுவோ கணிசமாக நீண்டிருந்தது. நியாயமாகப் பார்த்தால் அன்றைக்கே சந்தேகம் பலமாக எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. அழையாத இருவருக்கும் 'ஊடுருவி நிலைகள்' என்று பெயர் வைத்தார்கள்: இரண்டு ப்ரோட்டான்கள் 50 என்ற எல்லையைத் தாண்டி மேலே போய்விட்டால் வேறு வடிவத்தில் வேறு நிலைகள் உண்டாகும், அவை அதிர்வு நிலைகளோடு கலந்து கொஞ்சம் குழப்புகின்றன என்று விளக்கினார்கள். பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் கிறிஸ் ஹைடேயும் கூட்டாளிகளும் இந்தக் கலப்பை விரிவாகக் கணக்கிட்டார்கள். ஊடுருவிகள் உண்மையில் இருக்கிறார்கள் என்பதற்குத் தனி ஆதாரமும் கிடைத்தது. ஆக, அதிர்வுப் படம் தப்பித்தது. எங்கே அளவு ஒத்துவரவில்லையோ அங்கே பழியை ஊடுருவிமேல் போடலாம் என்ற வசதியும் கூடவே வந்தது.

இதுவரை நடந்த வாதமெல்லாம் பெரும்பாலும் ஆற்றல்களை வைத்து. ஒரு நிலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது அளக்கச் சுலபம். அது எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறது, இறங்கும்போது எந்தப் படியில் கால் வைக்கிறது என்பதுதான் அதன் குணத்தைச் சொல்லும். கோட்பாடு இதிலும் கறாராகப் பேசியது: ஃபோனானை ஒவ்வொன்றாகத்தான் கைவிடலாம். மூன்று ஃபோனான் நிலை இரண்டுக்குத்தான் இறங்க வேண்டும், நேரே ஒன்றுக்குக் குதிக்கக் கூடாது. இரண்டு ஃபோனான் நிலை இறங்கும் வலிமை, ஒரு ஃபோனான் நிலையினுடையதைப் போல் சரியாக இரு மடங்கு. மூன்றுக்கு மும்மடங்கு. சரிபார்க்க ஆயுள் தெரிய வேண்டும். அந்த ஆயுளோ ஃபெம்டோ வினாடிக் கணக்கு. ஒரு ஃபெம்டோ வினாடி என்பது ஒரு வினாடியின் கோடி கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவு.

அதை அளக்க, முதலில் அந்த நிலைகளை உண்டாக்க வேண்டும். ப்ரோட்டானையோ ஆல்ஃபாவையோ ஏவினால் மின்னேற்றம் தள்ளிவிடும்; தள்ளலை மீறும் வேகம் கொடுத்தால், தேவையில்லாத உயர் நிலைகளையும் சேர்த்துக் கிளறிவிடும். மின் தள்ளலையே கருவியாகப் பயன்படுத்தும் கூலம் கிளர்ச்சி முறை அருமையானதுதான், ஆனால் தரைநிலையோடு பலமான தொடர்பு உள்ள நிலைகளையே அது விரும்பி எழுப்பும். நியூட்ரானுக்கு இந்தப் பாரபட்சம் இல்லை. மின்னேற்றம் இல்லாததால் எவ்வளவு மெதுவாக வந்தாலும் உள்ளே நுழையும். வந்த ஆற்றலில் ஒரு பகுதியை அணுக்கருவிடம் கொடுத்துவிட்டு, களைத்த வேகத்தில் வெளியேறும். இதுதான் மீள்தன்மையற்ற சிதறல். கிளர்ந்த அணுக்கரு பிறகு காமா கதிரை விட்டு இறங்கும். இந்தத் தொழிலில் உள்ளவர்கள் இதை 'என், என் பிரைம் காமா' என்பார்கள். நியூட்ரானின் ஆற்றலுக்கு எட்டும் உயரத்தில் சுழற்சி 0 முதல் 6 வரை உள்ள எந்த நிலையையும் அது ஒதுக்குவதில்லை.

இந்த முறையின் மாபெரும் தொகுப்பு ஒன்று பாக்தாத்தில் உருவானது என்றால் இன்று பலர் நம்பமாட்டார்கள். பாக்தாத் அருகே அல்-துவைதாவில் சோவியத் யூனியன் கட்டிக்கொடுத்த ஆராய்ச்சி உலையில், டெமிடோவ் தலைமையில் சோவியத் இயற்பியலாளர்களும் ஈராக்கியரும் சேர்ந்து, உலையின் வேக நியூட்ரான் கற்றையில் ஒவ்வொரு தனிமமாக வைத்து காமா கதிர்களை அளந்தார்கள். இயற்கைத் தனிமங்கள் 76, பிரித்தெடுத்த ஐசோடோப்புகள் 29, ஆக 105 மாதிரிகள். ஏழாயிரத்துக்கும் அதிகமான காமா கோடுகள். 1978இல் மாஸ்கோவில் அது புத்தகமாக வந்தது. பக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய ஒசிராக் உலையை 1981இல் இஸ்ரேல் தகர்த்த கதை எல்லோருக்கும் தெரியும். இந்த அட்டவணை பிறந்த பழைய உலை 1991 வளைகுடாப் போரில் குண்டுகளுக்குப் பலியானது. அச்சுப் புத்தகம் மிஞ்சியது. பல ஆண்டுகள் கழித்து கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு குழு அதிலிருந்த எண்களைக் கணினித் தரவுத்தளமாக மாற்றி, யாரும் பயன்படுத்தும்படி வெளியிட்டது. 'பாக்தாத் அட்லஸ்' என்ற பெயரை மட்டும் மாற்றவில்லை.

ஆனால் உலை நியூட்ரான்களில் ஒரு சிக்கல். எல்லா ஆற்றலும் கலந்து வரும். மேல்படியில் கிளர்ந்த அணுக்கரு நாம் பார்க்கும் படி வழியாக இறங்கினால், இந்தப் படியின் ஆயுள் நீண்டதுபோல் தோன்றும். இதைத் தவிர்க்க, விரும்பிய ஒரே ஆற்றலில் நியூட்ரான் வேண்டும். அதற்கு அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக்குப் போக வேண்டும்.

லெக்சிங்டன் நகரம் பந்தயக் குதிரைகளுக்கும் புகையிலைக்கும் பேர்போனது. அங்கே கென்டக்கி பல்கலைக்கழகத்தில், மார்கஸ் மெக்எலிஸ்ட்ரம் போன்றவர்களின் முயற்சியால் 1960களின் முற்பகுதியில் ஒரு வான் டி கிராஃப் முடுக்கி எழுந்தது. செங்குத்தான கோபுரம் போன்ற கட்டடம். 70 லட்சம் வோல்ட் வரை மின்னழுத்தம். பெரிய ஆய்வகங்கள் இன்னும் பெரிய இயந்திரங்களுக்கு மாறி, இந்த வகை முடுக்கிகளைக் காயலான் கடைக்கு அனுப்பிய காலத்திலும் லெக்சிங்டன்காரர்கள் இதை விடவில்லை. நியூட்ரான் ஒன்றையே பிடித்துக்கொண்டார்கள். 1975இல் அங்கே சேர்ந்த ஸ்டீவன் யேட்ஸ் வேதியியல் துறைக்காரர். அடுத்த நாற்பது ஆண்டுகளில் இந்தக் கதையின் பெரும்பகுதி அவரையும் அவருடைய மாணவர்களையும் சுற்றியே நடந்தது.

சோதனைக்கூடத்தில் என்ன நடக்கிறது என்று கிட்டப் போய்ப் பார்ப்போம். மேலிருந்து முடுக்கிவிடப்பட்ட ப்ரோட்டான்கள் காந்தத்தில் திரும்பி, ஒரு சிறிய உலோகக் குப்பிக்குள் பாய்கின்றன. குப்பியில் ட்ரிட்டியம் வாயு. இது கதிரியக்கம் உள்ள ஹைட்ரஜன். பாதியாகச் சிதைய 12.3 ஆண்டு. வாயுவையும் முடுக்கியின் வெற்றிடக் குழாயையும் பிரிப்பது தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய மாலிப்டினத் தகடு. அது கிழிந்தால் ட்ரிட்டியம் குழாய் முழுக்கப் பரவிவிடும் என்பதால், ப்ரோட்டான் ஓட்டத்தை அளவோடுதான் வைக்க வேண்டும். ப்ரோட்டானும் ட்ரிட்டியமும் மோதினால் ஹீலியம்-3, கூடவே ஒரு நியூட்ரான். நேர் எதிரே வரும் நியூட்ரானின் ஆற்றல், ப்ரோட்டானின் ஆற்றலைவிட ஏறக்குறைய 0.8 மெகா எலெக்ட்ரான் வோல்ட் குறைவு. இந்த ஒரு கழித்தல் கணக்கு போதும். 2.2 வேண்டுமா, ப்ரோட்டானை 3.0இல் வை. படியின் உயரத்துக்கு ஒரு பிடி மேலே நியூட்ரானை நிறுத்திவிட்டால், மேலேயுள்ள எந்தப் படியும் எழும்பாது. கலப்படமில்லாத ஆயுள் கிடைக்கும்.

குப்பியிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி மாதிரி தொங்கும்: மெல்லிய பிளாஸ்டிக் உருளைக்குள் சில பத்து கிராம் பிரித்தெடுத்த ஐசோடோப்பு. அந்தச் சில பத்து கிராமின் விலைக்கு ஒரு நல்ல வீடு வாங்கலாம் என்பது இந்தத் துறையில் வழக்கமான பேச்சு. ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் ஜெர்மானியம் உணரி, மாதிரியைச் சுற்றி வெவ்வேறு கோணங்களுக்கு நகரும்படி வைக்கப்பட்டிருக்கும். குப்பியிலிருந்து நேரே வரும் நியூட்ரான் உணரியைத் தாக்காமல் தடுக்க நடுவே உலோக ஆப்பு. அதையும் தாண்டி, மாதிரியில் சிதறிய நியூட்ரான்கள் உணரிக்கு வந்து தொல்லை கொடுக்கும். அங்கே நேரம் கைகொடுக்கிறது. ப்ரோட்டான்கள் தொடர்ச்சியாக அல்லாமல், ஒரு நானோ வினாடி அளவுள்ள துடிப்புகளாக வருகின்றன. காமா கதிர் உணரியை அடைய 4 நானோ வினாடிகூட ஆகாது. 2 மெகா எலெக்ட்ரான் வோல்ட் நியூட்ரானுக்கோ அதே தூரத்துக்கு 50க்கு மேல் ஆகும். முதலில் வந்ததை மட்டும் எண்ணு, பின்னால் வருவதை ஒதுக்கு.

இனி ஆயுள். நியூட்ரான் மோதியதும் காட்மியம் அணுக்கரு பின்னுக்குத் தள்ளப்பட்டு ஓடுகிறது. பெரிய ஓட்டமில்லை: ஒளியின் வேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஓடிக்கொண்டே காமாவை விட்டால், முன்பக்கம் நிற்கும் உணரிக்கு அதன் ஆற்றல் கொஞ்சம் கூடியும், பின்பக்க உணரிக்குக் குறைந்தும் தெரியும், டாப்ளர் விளைவு. ஆனால் சுற்றிலும் உள்ள மற்ற அணுக்களில் முட்டி அந்த ஓட்டம் பிகோ வினாடிக்குள் அடங்கிவிடும். அடங்குவதற்கு முன்பே காமா வெளியேறினால் முழு நகர்வு. அடங்கிய பிறகு வெளியேறினால் நகர்வே இல்லை. இடையில் என்றால் இடைப்பட்ட நகர்வு. எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால் எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தது என்று தெரிந்துவிடும். கேட்கச் சுலபம்! 2.5 மெகா எலெக்ட்ரான் வோல்ட் நியூட்ரான் தள்ளிய காட்மியம்-112, 1000 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் காமாவை விட்டால், முழு நகர்வே 0.6 மட்டும். ஜெர்மானியம் உணரியில் அந்தக் கோட்டின் அகலமே 2 அளவுக்கு இருக்கும். கோட்டின் நடுப்புள்ளி அதன் அகலத்தில் நூற்றில் சில பங்கு எந்தப் பக்கம் ஒதுங்கியது என்று கண்டறிய வேண்டும். இடையில் மின்னணுக் கருவி ஒரு துளி நகர்ந்தாலும் எல்லாம் போச்சு. அதனால் ஆற்றல் தெரிந்த கதிரியக்க மூலங்களைப் பக்கத்தில் வைத்து, அவற்றின் கோடுகளையும் கூடவே பதிவு செய்துகொள்கிறார்கள். புடாபெஸ்ட்டிலிருந்து வந்த தமாஷ் பெல்க்யா, காபோர் மொல்னார் இருவரும் யேட்ஸோடு சேர்ந்து இந்த முறைக்கு முழுமையான கணக்கு வகுத்துக் கொடுத்தார்கள். 1996இல் அது வெளியானது.

முறையில் ஓட்டை இருந்தால் அதையும் அந்த ஆய்வகமே கண்டுபிடித்தது. ஓட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பது மாதிரி எந்த வேதி வடிவத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சிர்கோனியம்-94ஐ உலோகம், ஆக்ஸைடு, ஹைட்ராக்ஸைடு என்று வெவ்வேறு வடிவில் வைத்துப் பார்த்தபோது, ஒரே அணுக்கருவுக்கு வெவ்வேறு ஆயுள் வந்தது. படிக ஒழுங்கில்லாத தூள் கணக்கைக் கெடுக்கிறது என்று 2013இல் அவர்களே எழுதித் தங்கள் பழைய எண்களைத் திருத்தினார்கள்.

1990களில் இந்தக் கூடத்திலிருந்து வெற்றிச் செய்திகள் அடுத்தடுத்து வந்தன. அவற்றில் ஈயம்-208 பற்றியதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இரட்டை மாய எண் கொண்ட இந்த அணுக்கருவின் முதல் கிளர்வு நிலை 2615 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். பேரிக்காய் வடிவில் ஒருபக்கம் பிதுங்கி மறுபக்கம் குறுகி அதிரும் வகை, சுழற்சி 3. இந்த அதிர்வின் காமா கதிர் நம் ஊரிலும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலில் மோனசைட் இருக்கிறது, மோனசைட்டில் தோரியம். தோரியம் படிப்படியாகச் சிதைந்து தாலியம்-208 வழியாக ஈயம்-208 ஆகும்போது, கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் அந்த ஈயக் கரு இறங்கும் வழியில் இந்த 2615 நிலைக்கு வந்து அதிர்கிறது. ஒரு காமாவை விட்டு ஓய்கிறது. மணலை அளக்கும் எந்தக் காமா உணரியிலும் வலப்பக்க ஓரத்தில் தனியாக நிற்கும் கோடு அதுதான். ஒரு ஃபோனான் இப்படிக் கடற்கரையில் கிடக்கிறது. இரண்டு ஃபோனானைப் பல ஆண்டுகள் தேடினார்கள். 1996இல் மின்ஃபாங் யே, பால் காரெட், யேட்ஸ் முதலியோர் கென்டக்கியில் நியூட்ரான் சிதறலால் 5241இல் உள்ள சுழற்சி 0 நிலையை அந்த இரட்டை அதிர்வாக முன்வைத்தார்கள். 2615இன் துல்லிய மதிப்பு 2614.5; அதன் இரு மடங்கு 5229. வித்தியாசம் வெறும் 12. அடுத்த ஆண்டு, நீள உருண்டையான எர்பியம்-166இல் வேறொரு வகை அதிர்வின் இரட்டை நிலைகளும் வந்தன.

காட்மியத்திலும் முதலில் வெற்றிதான். காட்மியம்-110இல் மூன்று ஃபோனான் நிலைகளை அடையாளம் கண்டதாக 2000ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வந்தது. சுவிட்சர்லாந்தின் ஃபிரைபூர் குழுவும் கென்டக்கியும் சேர்ந்து செய்தது. 112, 116 என்று மற்ற இரட்டைப்படை ஐசோடோப்புகளையும் ஒவ்வொன்றாக நியூட்ரான் கற்றையில் தொங்கவிட்டார்கள். ஆற்றல்கள் பட்டியலோடு ஒத்துப்போயின. சுழற்சி அதிகமுள்ள 4, 6 நிலைகள் இறங்கிய விதமும் ஏறத்தாழச் சரி.

ஆயுள்கள் சேரச் சேரத்தான் தகராறு தலைதூக்கியது. 0, 2 சுழற்சி கொண்ட நிலைகள் இறங்க வேண்டிய படியில் இறங்கவில்லை. காட்மியம்-112இல் இரண்டு ஃபோனானுக்கு உரிய உயரத்தில் இரண்டு 0 நிலைகள். அவற்றில் ஒன்று முதல் படிக்கு இறங்கும் வலிமை, எதிர்பார்த்ததோடு ஒப்பிட்டால் இல்லையென்றே சொல்லலாம். மூன்று ஃபோனான் நிலைகள் என்று எண்ணியவை இரண்டுக்கு இறங்க மறுத்தன. பத்துப் பொருத்தமும் பார்த்து நடத்திவைத்த கல்யாணம், குடித்தனம்தான் நடக்கவில்லை என்ற கதை.

பழக்கப்படி ஊடுருவிமேல் பழி விழுந்தது. கலப்பைக் கூட்டியும் குறைத்தும் எண்களைப் பொருத்தப் பார்த்தார்கள். ஓர் ஐசோடோப்புக்கு மட்டும் பார்த்தால் எப்படியாவது பொருந்தத்தான் செய்தது. பால் காரெட், கேத்தரின் கிரீன், ஜான் வுட் மூவரும் 2008இல் நான்கு ஐசோடோப்புகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். காரெட் கென்டக்கியில் ஆராய்ச்சி செய்துவிட்டுக் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். அவர்கள் எழுப்பிய கேள்வி எளிமையானது. 110இலிருந்து 116 வரை போகும்போது ஊடுருவிகளின் உயரம் இறங்கி ஏறுகிறது. கலப்புதான் காரணம் என்றால், ஊடுருவி பக்கத்தில் வரும்போது கோளாறு கூட வேண்டும், விலகும்போது குறைய வேண்டும். கோளாறோ நான்கிலும் ஒரே மாதிரி நிற்கிறது. அப்படியானால் குற்றவாளி ஊடுருவி அல்ல. அதிர்வு என்ற கருத்தே இங்கே உடைகிறது. கட்டுரைத் தலைப்பிலேயே, 110 முதல் 116 வரையான காட்மியத்தில் அதிர்வு இயக்கத்தின் முறிவு என்று போட்டுவிட்டார்கள். இந்த ஐசோடோப்புகளை வைத்துத்தான் இரண்டு தலைமுறை மாணவர்கள் அணுக்கரு அதிர்வையே படித்திருந்தார்கள்.

எதிர்த்தரப்புக்கு ஒரு வலுவான பதில் இருந்தது. இறங்கும் காமா கதிர் கண்ணில் படவில்லை என்பதால் இல்லை என்று சொல்லிவிட முடியுமா? இந்த வகை இறக்கத்தின் வேகம், காமா ஆற்றலின் ஐந்தாம் அடுக்கைப் பொறுத்தது. ஆற்றல் பாதியானால் வேகம் 32இல் ஒரு பங்கு. பக்கத்துப் படிக்கு இறங்கும் சின்னக் காமா, உள்ளுக்குள் எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும், நீண்ட குதிப்பின் பெரிய கோட்டுக்குப் பக்கத்தில் இரைச்சலோடு இரைச்சலாக மறைந்துவிடும். நியூட்ரான் முறையின் பலவீனமும் அதுதான்; எல்லா நிலைகளையும் எழுப்புவதால் பின்னணி நெரிசல் அதிகம். ஆகவே காரெட்டின் குழு வான்கூவரில் உள்ள ட்ரையம்ஃப் ஆய்வகத்துக்குப் போனது. அங்கே இண்டியம், வெள்ளி ஆகியவற்றின் கதிரியக்க ஐசோடோப்புகளை உண்டாக்கி, அவை சிதைந்து காட்மியமாகும்போது வரும் காமாக்களை, சுற்றிலும் உணரிகள் சூழ்ந்த கருவியில் கோடிக்கணக்கில் சேர்த்து, அந்தச் சின்னக் கோடுகளைத் தேடினார்கள். எந்தப் படிக்கு எவ்வளவு பங்கு என்பது வான்கூவரிலிருந்து, ஆயுள் லெக்சிங்டனிலிருந்து. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் உண்மையான வலிமை வரும். வந்தது; அதிர்வுப் படத்துக்கு ஆதரவாக இல்லை.

அப்படியென்றால் அந்த 0 நிலைகள் யார்? 2019இல் காரெட்டும் பல நாட்டுக் கூட்டாளிகளும் தந்த பதில் இது: காட்மியம்-110, 112 இரண்டிலும் ஒவ்வொரு 0 நிலைக்கும் தனித்தனி வடிவம். ஒன்று நீண்டது, ஒன்று மூன்று திசையிலும் வெவ்வேறு நீளம் கொண்டது, ஒன்று சப்பையானது. ஒரே துளி பல வேகத்தில் அதிர்வது அல்ல. ஒரே எண்ணிக்கை ப்ரோட்டானும் நியூட்ரானும் பல வடிவங்களை மாற்றி மாற்றி அணிகின்றன. இதன்படி, கோபன்ஹேகன் பட்டியலோடு ஆற்றல்கள் ஒத்துப்போனது பெருமளவுக்குத் தற்செயல்.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. ஜெருசலேமின் அமிராம் லெவியத்தான், பிரான்சின் பியட் வான் ஐசாக்கர் ஆகியோர் அடங்கிய குழு 2018இலேயே வேறொரு வழி காட்டியிருந்தது. பெரும்பாலான நிலைகள் இன்னும் ஒழுங்கான அதிர்வு நிலைகள்தான், சிலவற்றில் மட்டும் சமச்சீர் உடைகிறது, அதற்காகப் படம் முழுவதையும் கிழிக்க வேண்டியதில்லை என்பது அவர்கள் வாதம். இரு தரப்பும் மேற்கோள் காட்டுவது பெரும்பாலும் லெக்சிங்டனில் அளந்த அதே ஆயுள்களை. தீர்ப்புச் சொல்ல ஒரு வழி உண்டு: ஒவ்வொரு 0 நிலையின் வடிவத்தையும் நேராக அளப்பது. சுழற்சி 0 கொண்ட நிலை எந்தத் திசையையும் வெளியே காட்டாது. அதற்குள் இருக்கும் வடிவத்தைப் பிடிக்கப் பல்வேறு இறக்கங்களின் வலிமைகளைக் குறியோடு சேர்த்துக் கூட்டும் ஒரு தந்திரம் வேண்டும். 1972இல் அந்தத் தந்திரத்தை வகுத்தவர் கிருஷ்ண குமார், அவரோடு அடுத்த பகுதியில் கூலம் கிளர்ச்சிக்குள் நுழையலாம்.

(தொடரும்)